ஆட்டக்காரர் ஒருவர், முதலாளிகள் 2 பேர்!

ஒரு லாரிக்கு 2 பங்குதாரர்கள் இருக்கலாம். ஒரு வீட்டுக்கும் இருக்கலாம். ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்கு 2 முதலாளிகள் இருக்க முடியுமா?

இத்தாலி நாட்டில் இருந்தார்கள். அந்த வழக்கத்தை, "புட்பால் மேனேஜர்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலும் சேர்த்து இருந்தார்கள். இதில் பந்தை உதைக்கும் வேலை இல்லை. ஆடுகிறவர்தான் கிளப்பின் மேனேஜர். ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு.

பாதி விலை

பெரிய கிளப்பில் ஒரு திறமையான இளைஞர் வாய்ப்பு இல்லாமல் உட்கார்ந்து இருக்கிறார். முழு விலை கொடுக்க சின்ன கிளப்பிடம் பணம் இல்லை. பாதி உரிமையை மட்டும் வாங்கிக் கொள்ளும். அவர் சின்ன கிளப்புக்கு ஆடுவார்.

பருவம் முடிந்ததும் பேச்சுவார்த்தை. ஒருவர் மற்றவரின் பாதியை வாங்கலாம். அல்லது இன்னும் ஓர் ஆண்டு கூட்டாகவே வைத்துக் கொள்ளலாம். பேச்சு முறிந்தால், இரு தரப்பும் தொகையை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். யார் தொகை அதிகமோ, அவருக்கே ஆட்டக்காரர்!

சிக்கல் இங்கேதான். பையன் கோல் மேல் கோல் போட்டால், மறுபாதியின் விலை ஏறிவிடும். ஆட வைத்து விலையை ஏற்றியவரே அந்த விலையைக் கொடுக்க வேண்டும். ஆகவே, பாதியை வாங்கும்போதே மறுபாதிக்கும் பணம் ஒதுக்கி வைப்பவரே கெட்டிக்கார மேனேஜர். உறை வரை போவது ஆபத்து.

ரோசிக்கு 261 கோடி

அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பாவ்லோ ரோசியின் கதையே சாட்சி. யுவென்டஸ், விசென்சா ஆகிய 2 கிளப்புகளுக்கும் அவர் பொதுச் சொத்து. விசென்சாவுக்காக ஆடி, 1977-78 பருவத்தில் 24 கோல் போட்டார். சின்ன ஊர் கிளப் 2-வது இடத்துக்கு வந்தது.

1978-ல் உறைகளைப் பிரித்தார்கள். யுவென்டஸ் எழுதியது 87½ கோடி லிரா (அப்போதைய இத்தாலி நாணயம்). விசென்சா தலைவர் பரினா எழுதியதோ 261 கோடி! ஏறக்குறைய 3 மடங்கு. அதுவும் பாதி ஆளுக்கு!

ரோசி கிடைத்தார். ஆனால் அடுத்த பருவத்திலேயே, 1979-ல், விசென்சா 2-வது டிவிஷனுக்கு இறங்கியது. ரோசியை பெருஜியா கிளப்புக்கு இரவல் கொடுக்க வேண்டி வந்தது. 1981-ல் அவர் யுவென்டசுக்கே போய்ச் சேர்ந்தார். 1982 உலகக் கோப்பையில் 6 கோல் போட்டு, இத்தாலிக்கு கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கூட்டு உரிமையை ஒழிக்க இத்தாலி கால்பந்து சம்மேளனம் 2014-ல் முடிவு செய்தது. விளையாட்டின் பழைய பதிப்பை வைத்து இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் உறை உண்டு.