பிரீமியம் கட்டியாயிற்று, பாலிசி எங்கே?

பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு குடும்பம் மருத்துவக் காப்பீட்டுக்காக ஏஜெண்டிடம் பணம் கொடுக்கிறது. சில மாதம் கழித்து சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதுதான் பாலிசியே போடப்படவில்லை என்று தெரிகிறது. ‘கட்டிய பணத்தையாவது கொடுங்கள்’ என்று கேட்கத் தோன்றும். அதற்கு மேலும் கேட்க இடமுண்டு.

1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு இதில் தெளிவானது. பிரீமியம் கட்டாமல் காப்பீடு தொடங்காது. ஏஜெண்ட் வாங்கிய பணத்தை, விடுமுறை நாள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் சேர்க்க வேண்டும். திருப்பித் தரவேண்டிய பணம் காப்பீடு செய்தவருக்கே நேராகப் போக வேண்டும். ஏஜெண்ட் கணக்கில் வரவு வைக்கக்கூடாது. ‘ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டோம்’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது.

பணத்தை வைத்துக்கொண்டு நிறுவனம் வாய்திறக்காமல் இருந்தால்? மௌனம் சம்மதமாகாது, பிரீமியம் வாங்கியதாலேயே ஒப்பந்தம் ஆகிவிடாது என்று 1984இல் எல்ஐசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2018இல் டி. சீனிவாஸ் வழக்கில், விண்ணப்பத்தை மறுப்பதானால் நியாயமான காலத்துக்குள் மறுக்க வேண்டும் என்றது. பிரீமியத்தை வைத்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அது ஆயுள் காப்பீட்டு வழக்குதான். என்றாலும், நோய் வந்தபிறகு பிரீமியத்தை மட்டும் நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடாதீர்கள். சிகிச்சைச் செலவையும் கேட்டுப் பாருங்கள்.

முதல் கடிதம் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. ரசீது, பாஸ்புக் வரி, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் நகலெடுத்து இணையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்த்துவைக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

புதிதாக எடுப்பவர்கள் 2025 மார்ச்சில் வந்த பீமா-அஸ்பா வசதியைக் கேட்கலாம். விண்ணப்பம் ஏற்கப்படும்வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படும், அதிகபட்சம் 14 நாள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அந்தத் திட்டத்தின் அட்டைக்கென்று யார் பிரீமியம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.