லிங்க் வியாபாரம்

2010 கிறிஸ்துமஸ் பருவத்தில் அமெரிக்காவில் உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று கூகுளில் எதைத் தேடினாலும் முதலில் வந்து நின்றது ஜே.சி.பென்னி என்ற கடை. சாம்சொனைட் கைப்பெட்டி என்று பெயர் சொல்லித் தேடினால்கூட, பெட்டியைத் தயாரிக்கிற சாம்சொனைட் கம்பெனியின் தளத்தையே அது முந்திக்கொண்டது. பழைய கடை, பெரிய கடை, எல்லாம் சரி. அதற்காக எல்லாவற்றிலுமா முதலிடம்? நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் டேவிட் சீகலுக்குச் சந்தேகம் வந்தது. தேடுபொறி நுணுக்கம் தெரிந்த ஒருவரின் துணையோடு துருவ ஆரம்பித்தார்.

விடை அந்தக் கடையின் தளத்தில் இல்லை, அதற்கு வெளியே இருந்தது.

ஒரு தளத்தை நோக்கி மற்ற தளங்களிலிருந்து வரும் லிங்க்குகளுக்கு பேக்லிங்க் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களைத்தான் பார்த்தன. ‘கேமரா’ என்று நூறு முறை எழுதி வைத்தால் போதும், பக்கம் மேலே ஏறிவிடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி, வாசகர் கண்ணுக்கு மறைத்து, எந்திரத்துக்கு மட்டும் காட்டியவர்கள் ஏராளம். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் வேறென்ன நடக்கும்?

ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1996-இல் எடுத்துக்கொண்ட வழி வேறு. ஒரு பக்கத்தைப் பற்றி அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று பார்த்தார்கள். ஆய்வுலகில் இது புதிதல்ல. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் அறுபதுகளிலேயே வெளியிட்டுவிட்டார். அந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்த திட்டத்துக்கு இருவரும் வைத்த பெயர் பேக்ரப். அதுதான் பின்னாளில் கூகுள் ஆனது.

கணக்கு இப்படிப் போகிறது. லிங்க்குகளை வெறுமனே எண்ணினால் போதாது. லிங்க் கொடுக்கும் பக்கத்தின் மதிப்பும் முக்கியம். ஒரு பக்கத்தின் மதிப்பு 1 என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.85 பங்கு, அந்தப் பக்கத்திலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குப் பிரிக்கப்படும். இரண்டே லிங்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.425 கிடைக்கும். நூறு இருந்தால் 0.0085 தான். சரி, அந்தப் பக்கத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு லிங்க் கொடுத்தவர்களிடமிருந்து. அவர்களுக்கு? ஆரம்பத்தில் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, எண்கள் ஆட்டம் நின்று ஓரிடத்தில் நிலைக்கும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான். 1998-இல் இருவரும் எழுதிய கட்டுரையின்படி அவர்கள் கையில் இருந்தவை 2.4 கோடி பக்கங்கள், 51.8 கோடி லிங்க்குகள்.

லிங்க்கின் மேல் எழுதியிருக்கும் சொற்களுக்கும் தனிக் கனம் கொடுத்தார்கள். அதன் விளைவு 2003-இல் வேடிக்கையாக வெளிப்பட்டது. ‘படுதோல்வி’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் மேல், ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்குப் பலர் பேசி வைத்துக்கொண்டு லிங்க் கொடுத்தார்கள். பக்கத்துக்குள் அந்தச் சொற்கள் இல்லவே இல்லை. ஆனாலும் தேடினால் அதிபர்தான் முதலில் வந்தார். இதைச் சரிசெய்ய 2007 ஆயிற்று.

குறும்புக்காரர்களுக்குக் கைவந்தது வியாபாரிகளுக்கு வராமல் இருக்குமா? முதலில் பண்டமாற்று நடந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல, நீ எனக்கு ஒரு லிங்க், நான் உனக்கு ஒரு லிங்க். அப்புறம் லிங்க் கொடுப்பதற்காகவே உருவான தளங்கள். அதற்கப்புறம் ரொக்கம்.

ஜே.சி.பென்னி விஷயத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை அந்த ரகம்தான். உடை தொடர்பான சொற்களோடு அந்தக் கடைக்கு லிங்க் கொடுத்த பக்கங்கள் ஈராயிரத்துக்கும் மேல். வைரத் துளைப்பான், பல் மருத்துவம், குறட்டை, பல்கேரியாவில் வீட்டுமனை என்று உடைக்குத் துளியும் சம்பந்தமில்லாத தளங்கள் அவை. விஷயத்தை கூகுளிடம் சீகல் கொண்டுபோனார். 2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு, சாம்சொனைட் கைப்பெட்டித் தேடலில் கடை முதலிடத்தில் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 71-ஆவது இடம். தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கடை சொன்னது. தேடுபொறி வேலையைப் பார்த்துவந்த நிறுவனத்தைக் கழற்றிவிட்டது.

ஒவ்வொரு தளமாக ஆள் வைத்துப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற நிரலை கூகுள் இறக்கியது. செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளை மோப்பம் பிடித்து, தளத்தையே கீழே தள்ளும் நிரல் அது. காசு கொடுத்து லிங்க் வாங்கியவர்கள் அதை எடுத்துவிடச் சொல்லி அலைந்தார்கள். எடுப்பதற்கும் காசு கேட்டவர்கள் உண்டு. ‘இந்த லிங்க்குகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று தளக்காரரே கூகுளிடம் பட்டியல் கொடுக்கும் வசதி அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது. 2016-இல் பெங்குவின் குணம் மாறியது: தளத்தைத் தண்டிப்பதைவிட, கெட்ட லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது.

பூ விற்கிற இன்டர்ஃப்ளோராவின் கதை இன்னும் பரிதாபம். பிரிட்டனில் 2013-இல் அன்னையர் தினம் நெருங்கும் நேரம். வட்டாரப் பத்திரிகைகளின் தளங்களில் வெளியான விளம்பரக் கட்டுரைகளில் லிங்க் வைத்ததாகச் சொல்லப்பட்டது. தன் பெயரையே தேடினாலும் கண்ணில் படாத அளவுக்குச் சரிந்து, சுமார் 11 நாள் கழித்துத்தான் மீண்டது. விளம்பரம் செய்வது குற்றமல்ல; அது விளம்பரம் என்று எந்திரத்துக்குச் சொல்லாததுதான் குற்றம். அதைச் சொல்ல 2005-இல் வந்த ‘நோஃபாலோ’ என்ற குறி பயன்பட்டது; அதற்கென்றே 2019-இல் ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறியும் வந்தது.

அப்படியானால் நேர்வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் மெதுவானது. தன் துறை சார்ந்த தளங்களில் செத்துப்போன லிங்க்குகளைத் தேடிப் பிடிப்பது ஒன்று. சொடுக்கினால் ‘404’ என்று வரும் லிங்க்கைக் கண்டால், அந்தத் தளக்காரருக்குச் சொல்லிவிட்டு, அதே விஷயத்தைத் தான் எழுதியிருக்கும் பக்கத்தையும் காட்டலாம். அவருக்கு ஓட்டை அடைபடும், இவருக்கு லிங்க் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காத தகவலை, சொந்தமாக அளந்து தொகுத்த விலைப்பட்டியலையோ வரைபடத்தையோ, வெளியிட்டால் மேற்கோள் காட்டுகிறவர்கள் தாமாகவே லிங்க் கொடுப்பார்கள். யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும்.

லிங்க் விற்கிறவர்களின் மின்னஞ்சல்கள் இன்றும் ஓயவில்லை. ‘டொமைன் அத்தாரிட்டி 60’ என்பதுபோல ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு விலை சொல்வார்கள். அந்த எண்ணைக் கணிப்பது மோஸ் என்ற தனியார் நிறுவனம். தளங்களை வரிசைப்படுத்த கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. பக்கங்களுக்கு கூகுள் தானே பொதுவில் காட்டிவந்த மதிப்பெண்ணும் 2016-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.