படக்கதை போடக் கற்ற பையன்களின் படக்கதை!

மங்கா என்றால் மாங்காய் அல்ல. ஜப்பானில் படக்கதைக்கு அதுதான் பெயர். அந்த மங்காவை வரையக் கற்றுக்கொள்ளும் இரண்டு மாணவர்களைப் பற்றியே ஒரு மங்கா வந்தது. அதன் பெயர் "மங்கா மிச்சி". மங்கா வழி என்று பொருள்.

1970-ல் தொடங்கிய கதை இது. இடையிடையே நின்று, பத்திரிகை மாறி, பெயரும் மாறி 2013 வரை நீண்டது. சிரிக்கச் சிரிக்கப் போகும் கதைதான். ஆனாலும் சொந்த ஊரை விட்டுப் பெட்டியும் கையுமாகப் பிழைக்கப் போனவர்களுக்கு இதில் பல இடங்கள் சொந்த அனுபவம்போல இருக்கும்.

பெயர் ஒன்று; ஆள் இரண்டு

அட்டையில் இருந்த பெயர் புஜிகோ புஜியோ. ஆனால் அது ஒருவர் அல்ல, இருவர். புஜிமோட்டோவிலிருந்து "புஜி", அபிகோவிலிருந்து "கோ" எடுத்துச் சேர்த்த பெயர்.

இவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள்தான். டி.வி.யில் வரும் டோரேமான் பூனை புஜிமோட்டோவின் கற்பனை. நிஞ்ஜா ஹத்தோரி அபிகோவின் படைப்பு. தாங்கள் இருவரும் தொழில் கற்ற கதையை "மங்கா மிச்சி" ஆக்கியவர் அபிகோ.

கதையில் அபிகோவின் பெயர் மிச்சியோ மகா. நண்பனின் பெயர் ஷிகேரு சைனோ. ஜப்பானிய மொழியில் திறமைக்கு "சைனோ" என்று பெயர். நண்பனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு, தன்னைக் கூச்சப்பட்டு வியர்த்து வழியும் பையனாக வரைந்துகொண்டார் அபிகோ!

ஆசிரியரும் அவர்களே, அச்சகமும் அவர்களே

அபிகோவின் தந்தை புத்தர் கோயில் பூசாரி. அவர் 1944-ல் இறந்ததும் குடும்பம் தகாவோகா என்ற ஊருக்கு வந்தது. புதுப் பள்ளியில் தனியாக உட்கார்ந்து நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்த அபிகோவிடம் வந்து பேசியவர் புஜிமோட்டோ.

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ஒசாமு தெசுகா வரைந்து 1947-ல் வந்த "புதிய புதையல் தீவு" புத்தகமே குரு. அதன் முதல் பக்கங்களில் ஒரு பையன் காரில் விரைந்து வருகிறான். நின்ற படத்தில் கார் ஓடுகிறதே, சினிமா பார்ப்பதுபோல இருக்கிறதே என்று இருவரும் திகைத்துப் போனார்கள். பிறகு கையாலேயே எழுதி, வரைந்து ஒரு பத்திரிகை தயாரித்தார்கள்.

முதலில் பென்சிலால் கட்டம் பிரித்துப் படமும் பேச்சும் குறிக்க வேண்டும். பிறகு பேனாவும் மையும். கருப்பு அடிக்கப் பிரஷ், தவறை மறைக்க வெள்ளை. மை காயுமுன் ரப்பர் போட்டால் பக்கம் பாழ்!

1951-ல், பள்ளியில் படிக்கும்போதே, சிறுவர் நாளிதழ் ஒன்றில் அவர்களுடைய நான்கு கட்டப் படக்கதை அச்சாயிற்று.

குரு காட்டிய கட்டு

1952-ல் இருவரும் தாங்கள் வரைந்த கதையை எடுத்துக்கொண்டு தெசுகாவின் வீட்டுக்கே போனார்கள். அவர் பாராட்டினார். ஆனால் அங்கே பார்த்த ஒரு காட்சி அவர்களை உலுக்கிவிட்டது. ஒரே புத்தகத்துக்காக அவர் வரைந்து குவித்த தாள்கள். அச்சில் வந்ததைவிட அவர் ஒதுக்கித் தள்ளிய பக்கங்களே ஏராளம்! தொழில் என்றால் இதுதான் என்று அன்று புரிந்தது.

பள்ளி முடிந்ததும் அபிகோ உள்ளூர்ச் செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்தார். மிட்டாய் கம்பெனியில் சேர்ந்த புஜிமோட்டோ சில நாட்களிலேயே விலகினார். "டோக்கியோவுக்குப் போவோம்" என்றார். மாதச் சம்பளத்தை விடுவதா? அபிகோவுக்குத் தயக்கம். கடைசியில் 1954-ல் இருவரும் ரயில் ஏறினார்கள்.

நாலரைப் பாய் அறை

டோக்கியோவில் முதல் இடம் உறவினர் வீட்டில் இரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள அறை. பிறகு தெசுகா காலி செய்த தோக்கிவா-சோ விடுதி அறை. அட்வான்ஸ் கொடுக்கவும் அவர்களிடம் பணம் இல்லை. தாம் கட்டியிருந்த 30,000 யென்னைத் திரும்ப வாங்காமல் அவர்களுக்கே விட்டுப் போனார் தெசுகா.

அறை நாலரைப் பாய் அளவு. அதாவது சுமார் 80 சதுர அடி. சமையலறை பொது, கழிப்பிடம் பொது. அங்கே குடியிருந்தவர்களில் பலர் இளம் மங்கா ஓவியர்கள். சமையலறைத் தொட்டியிலேயே குளித்த வேடிக்கையும் உண்டு.

1955 புத்தாண்டுக்கு நண்பர்கள் ஊருக்குப் போனார்கள். கை நிறைய வேலை இருந்தது. ஆனால் வீட்டுச் சாப்பாடு, உறவுகள், தூக்கம், பேனா ஓடவில்லை. கெடு நாள் ஒவ்வொன்றாகத் தவறியது. இனி படம் அனுப்ப வேண்டாம் என்று தந்தி வந்தது. பல பத்திரிகைகள் கதவைச் சாத்தின. மறுபடி பெயர் எடுக்க நீண்ட நாள் உழைக்க வேண்டியிருந்தது. இந்த அவமானத்தையும் அபிகோ மறைக்காமல் வரைந்திருக்கிறார்.

நண்பன் போன பிறகும்

1987-ல் இருவரும் மனக்கசப்பு இல்லாமல் தொழிலில் பிரிந்தார்கள். 1996-ல் புஜிமோட்டோ இறந்தார். அபிகோ நிறுத்தவில்லை. மேலும் பல ஆண்டுகள் அந்தக் கதையை வரைந்தார். அதில் சைனோ இளைஞனாகவே இருந்தான். எப்போதும்போல மகாவைவிட ஒரு படி மேலே!

தோக்கிவா-சோ 1982-ல் இடிக்கப்பட்டது. அதே மாதிரி கட்டிய அருங்காட்சியகம் 2020-ல் டோக்கியோவில் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 88 வயதில் அபிகோ காலமானார்.

கூட இருப்பவன் தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று தெரிந்தால் பலருக்குப் பொறாமை வரும். அபிகோ அதையே நாற்பது ஆண்டு சிரிப்புக் கதையாக்கினார். அந்தக் கெட்டிக்காரனோடு ஒரே பெயரில் கையெழுத்தும் போட்டார்.