ஞாபகக் குளம் – 9: பிந்தி வரும் புள்ளி

சடுதியாக வந்து சடுதியாகவே போய்விடும் முழு மறதியைப் பற்றிப் போன கிழமை சொன்னேன். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் அது ஏன் வருகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு புள்ளி குறுக்கே வந்துவிட்டது.

60 வயதுக் கமக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியக் கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு வந்தவர், "நான் எப்ப குளிச்சனான்?" என்கிறார். மனிசி சொல்கிறா. இரண்டு நிமிடத்தில் திரும்பவும், "நான் எப்ப குளிச்சனான்?" தன் பெயர் தெரிகிறது, பிள்ளைகளைத் தெரிகிறது, பேச்சும் குளறவில்லை. புதிதாகச் சொல்வது எதுவும் மனதில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். நாலைந்து மணித்தியாலத்தில் தெளிந்துவிடும். ஒரு நாளைத் தாண்டாது. ஆனாலும் உடனே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். பாரிசவாதமா, வலிப்பா, தலையடியா என்று அன்றே பார்த்தாக வேண்டும். சி.ரி. ஸ்கானில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இனித்தான் என் புள்ளி. கலங்களுக்கிடையே நீரின் அசைவு தடைப்பட்ட இடத்தை வெள்ளையாகக் காட்டும் 'டிஃப்யூஷன்' முறை எம்.ஆர்.ஐ.யில் உண்டு. ஜேர்மன் நரம்பியல் வைத்தியர்கள் சிலர் இந்த மறதி வந்த 31 பேரைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்ப மணித்தியாலங்களில் புள்ளி தெரிந்தது 2 பேருக்கு. 48 மணித்தியாலத்தில் 26 பேருக்கு! ஆள் தெளிந்து, மண்வெட்டியைத் தேடும் நேரத்தில்தான் தடயம் வந்து சேர்கிறது. மழை விட்டு வானம் வெளித்த பிறகு இரணைமடுக் குளம் வான் பாய்வது போல.

புள்ளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான், கடுகளவு. இருக்கும் இடம் மூளையின் ஞாபகப் பகுதியான ஹிப்போகாம்பஸ். 1587இல் அதற்குக் கடற்குதிரை என்று பெயர் வைத்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சியோ, பட்டுப்புழு என்றும் சொல்லலாமோ என்று தடுமாறியிருக்கிறார். முல்லைத்தீவு மீனவர் யாரையாவது கேட்டிருந்தால் தடுமாற்றம் தீர்ந்திருக்கும்.

வன்னியில் எல்லாம் பிந்தித்தான் கிடைக்கும் என்று அலுத்துக்கொள்கிறோமே! இந்த நோயில் மட்டும், முதல்நாள் ஆபத்தானதெல்லாம் இல்லையென்று பார்த்தாகிவிட்டால், எம்.ஆர்.ஐ.க்கு A9 வீதி வழியே மற்றநாள் போவது நட்டமில்லை. அதற்காக இரண்டு கிழமை இழுத்தால் புள்ளியும் அழிந்துவிடும். புள்ளி இல்லாவிட்டாலும் நோய் இல்லையென்றாகாது. ஹொட்ஜஸ், வார்லோ என்ற பிரித்தானிய வைத்தியர்கள் 1990இல் வகுத்த விதிகளில், மறதி வந்த நேரத்தில் கூட இருந்து பார்த்தவரின் சாட்சியம் முக்கியமானது. கிணற்றடிக் கதையைச் சொல்லும் மனிசியின் வாய்தான் முதல் ஸ்கான்.

ஸ்கான் அறை வாசலில் இன்னொரு கேள்வி வரும்: "உடம்பில பீஸ் இருக்கோ?" ஷெல் துண்டைத்தான் கேட்கிறார்கள்; 2009 போரைத் தாண்டி வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கண்ணுக்கோ மூளைக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இரும்புத் துண்டு கிடந்தால் காந்தம் அதை அசைக்கக்கூடும். தன் உடம்பில் துண்டு இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. ஆகவே காயப்பட்டவர்கள் கேட்கும்வரை காத்திராமல் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும். சந்தேகமென்றால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். துண்டு கிடக்கும் இடத்தைப் பார்த்து, ஸ்கான் செய்யலாமா என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். இதை எழுதினால் தனிக் கிழமை வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரா? ஆசிரியர் இரண்டாம் முறையும் தொலைபேசி எடுத்துவிட்டார். அடுத்த கிழமை.