எண்ணிமப் புகைப்படமும் அச்சுப் பிரதியும்: கண்டிப் பிரதேசம் சார்ந்த ஒரு நோக்கு

புகைப்படத்தை வரலாற்றுச் சான்றாகப் பேணும் மரபு கண்டிக்குப் புதியதன்று. 1860களில் இந்நகரில் தொழில் புரிந்த ஜோசப் லோட்டன், அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படம்பிடித்தார். 1870களில் இங்கு நிலையம் அமைத்த சார்ள்ஸ் ஸ்கோவன் மலைநாட்டின் நிலக்காட்சிகளையும் தோட்டங்களையும் மக்களையும் பதிவு செய்தார். கண்ணாடித் தகட்டிலிருந்து, முட்டை வெண்கரு பூசிய தாளிற் பெறப்பட்ட அக்காலப் பிரதிகள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அரும்பொருட்சாலைகளில் நிலைத்துள்ளன. ஆயின், அக்காலப் படங்களிற் காணப்படும் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் பெயரற்றோராகவே உள்ளனர். தாள் நின்றது, பெயர் நிற்கவில்லை.

இக்குறையை நீக்கும் வாய்ப்பு இன்று நம் கையில் உள்ளது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அதனாற் பிரிந்த குடும்பங்கள் பலவற்றுக்கு உறவின் சான்றாக எஞ்சியது ஓரிரு புகைப்படங்களே. இன்று லயன் அறைகளிலும் கைத்தொலைபேசியே புகைப்படக் களஞ்சியமாகிவிட்டது. அது பழுதுற்றால் ஒரு தலைமுறையின் முகங்களே மறையக்கூடும். ஆகவே, எண்ணிமப் படத்திலிருந்து தரமான பிரதி பெறும் முறையை அறிதல் ஆய்வு மாணவர்க்கும் குடும்பங்களுக்கும் இன்றியமையாததாகும்.

முதலாவதாக நோக்கத்தக்கது படத்தின் நுண்மை. எண்ணிமப் படம் பிக்சல் எனும் புள்ளிகளால் ஆயது. கையில் வைத்துப் பார்க்கும் நல்ல பிரதிக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொது அளவை. இவ்வளவையின்படி 4×6 அங்குலப் பிரதிக்கு 1200×1800 புள்ளிகளும், 8×12 அங்குலப் பிரதிக்கு 2400×3600 புள்ளிகளும் தேவை. 4000×3000 புள்ளிகள் கொண்ட தொலைபேசிப் படம் ஏறத்தாழ 13×10 அங்குலம் வரை தெளிவு குன்றாது. ஆனால், வட்ஸ்அப் வழியாகச் சாதாரண முறையில் அனுப்பப்படும் படம் சுருக்கப்படுவதால் இந்நுண்மை இழக்கப்படுகின்றது. மூலக் கோப்பையே நினைவுக் கோலில் இட்டு அச்சிடுவோரிடம் கொடுத்தல் நன்று. அனுப்பியே ஆகவேண்டுமெனின், படமாக அன்றி ஆவணக் கோப்பாக அனுப்புதல் வேண்டும்.

இரண்டாவது, பக்க விகிதம். தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தது. 4×6 தாளோ 3:2 விகிதத்தது. தாள் முழுவதையும் நிரப்ப அச்சிடும்போது படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதிலொரு பங்கு வெட்டுண்ணும். கிடையாக எடுத்த திருமணக் குழுப் படத்திற் பின்வரிசையினரின் தலைகள் மறைவது இதனாலேயே. வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அச்சிடுமாறு முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, தாளும் மையும். வெள்ளி உப்புப் பூசிய தாளில் ஒளி பாய்ச்சி இரசாயனத்தாற் கழுவிப் பெறும் பிரதி ஒருவகை. மை தெளித்துப் பெறும் பிரதி மற்றொருவகை. மையிலும் சாய மையைவிட நிறமித் துகள் மை ஒளியையும் ஈரத்தையும் பொதுவாக நன்கு தாங்கும். மகாவலி சூழ்ந்த கண்டியின் ஈரக் காற்றிற் பூஞ்சணம் எளிதிற் பற்றும். சட்டமிடும்போது பிரதி கண்ணாடியில் ஒட்டாதவாறு இடையே அட்டைச் சட்டம் வைத்தல் வேண்டும். பசைத் தாள் அல்பங்கள் காலப்போக்கிற் படத்தைக் கறைப்படுத்துவதால் அவை தவிர்க்கத்தக்கன.

நல்ல பிரதியின் பெறுமதிக்கு லயனல் வென்ற் தக்க சான்றாவார். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எனினும், அவர் தாமே உருவாக்கிய பிரதிகள் எஞ்சியமையால் அவரது கலையை நாம் இன்றும் கண்டறிய முடிகின்றது. மூலம் அழிந்தவிடத்துப் பிரதியே மூலமாகின்றது.

இறுதியாக, ஒவ்வொரு பிரதியோடும் படத்திலுள்ளோரின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பிளாஸ்ரிக் பூச்சுடைய இக்காலத் தாளின் பின்புறத்திற் பென்சில் நன்கு பதியாது. குமிழ்முனைப் பேனாவின் அழுத்தமோ முன்புறத்திற் தடம் பதிக்கும். தனித்தாளில் எழுதிப் பிரதியோடு சேர்த்து வைத்தலே தக்கது. கள ஆய்வுக்குத் தோட்டங்களுக்குச் செல்லும் நம் மாணவர், தாம் படம்பிடித்த குடும்பத்துக்கு ஒரு பிரதியையேனும் பெயர்க் குறிப்புடன் அளிப்பாராயின், ஸ்கோவன் காலத்துப் படங்களில் எழுதப்படாது போனவை இனியேனும் எழுதப்படும் என நாம் நம்புகின்றோம்.