பூமியதிர்ச்சியின் காரணமும் வகையும்

ஆயிரந் தலையுடைய ஆதிசேடன் தான் சுமக்கும் உலகினை ஒரு தலையினின்று மற்றொரு தலைக்கு மாற்றும்பொழுது பூமி அதிர்கின்றது என்று நம் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். நாம் நிற்கும் நிலம் அசையும் பொருளொன்றின்மீது தங்கியுள்ளது என்ற அளவில், அவ்வுரை முற்றும் பிழையன்று.

பூமியின் மேலோடு பல பெருந் தகடுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்கின்றது. ஒன்றையொன்று உராயும் விளிம்புகள் எளிதில் வழுக்குவதில்லை. அவை பூட்டுண்டு நிற்க, பாறை வில்லைப் போல வளைகின்றது. தாங்கும் எல்லை கடந்ததும் முறிந்து மீள்கின்றது. அம்மீட்சியே அதிர்ச்சியாகும். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த அதிர்ச்சியின் பின்னர், நிலம் பெயர்ந்த அளவை ஆராய்ந்து இவ்விளக்கத்தைத் தந்தவர் றீட் என்னும் அமெரிக்க அறிஞர்.

எரிமலையின் உள்ளே பாறைக்குழம்பு ஏறுவதாலும், சுரங்கங்கள் இடிவதாலும் சிற்றதிர்ச்சிகள் உண்டாகும். மனிதனும் இதிற் பங்காளியே. மகாராட்டிரத்துக் கொய்னா அணைக்கட்டின் அருகே 1967 டிசம்பர் 10ஆந் திகதி நேர்ந்த பேரதிர்ச்சிக்கு, அங்குத் தேக்கிய நீரே ஏதுவாயிற்றென அறிஞர் பலர் கொள்வர்.

எனினும் பேரழிவு பெரும்பாலும் தகடுகளின் பெயர்ச்சியாலேயே விளைகின்றது. பாறைகள் இழுபட்டு ஒருபுறம் தாழ்வது ஒரு வகை. நெருக்குண்டு ஒன்றன்மீதொன்று ஏறுவது மற்றொரு வகை. பக்கவாட்டில் விலகிச் செல்வது பிறிதொன்று. இப்பகுப்பு நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று.

2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பால் நேர்ந்த 9.1 அளவினதான அதிர்ச்சி, நெருக்குண்டு ஏறும் வகையினது. பிளவு ஏறக்குறைய 1300 கிலோமீற்றர் ஓடிற்று, கடலடி உயர்ந்தது, அதன்மேல் நின்ற நீரும் உயர்ந்தது. தகட்டின் விளிம்பினின்று தொலைவிலுள்ள இலங்கையில் அதிர்ச்சியால் வீடுகள் விழவில்லை. ஆயின் இரண்டு மணித்தியால அளவில் அலை வந்தது. அவ்விடைவேளையில் நம்மை எச்சரிப்பார் இலர். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2012 ஏப்ரல் 11ஆந் திகதி அதே கடற்பரப்பில் 8.6 அளவினதான அதிர்ச்சி மீண்டும் நேர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது. கரையோரத்தார் உள்நாட்டுக்கு விரைந்தனர். கடலோ பெரிதும் பொங்கவில்லை. கடலடி பக்கவாட்டில் விலகியதேயன்றி உயரவில்லை. வீணே ஓடினோம் என எண்ணுவார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவோம்: கடலடி உயர்ந்ததோ விலகியதோ என்பதை முதற் சில நிமிடங்களில் நிலநடுக்கமானி உறுதியாகக் கூறமாட்டாது, அலையோ அதுவரை காத்திராது.