‘அலோ’ கொடுத்தா போறது யாரோட நம்பர்?

போன சனிக்கிழமை திருநள்ளாறுல, நளதீர்த்தம் போற வழியில நல்லெண்ணெய் விற்கும் அக்கா ஒருத்தர் கூப்பிட்டார். “தம்பி, சரக்கு எடுக்கப் பத்தாயிரம் வேணும். இந்த ஆப்ல அஞ்சு நிமிஷத்துல கடன் கிடைக்குமாம். ஏதோ ‘அலோ’ கேக்குது, அமுக்கவா?”

வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப் லிங்க்கில் வந்த ஆப். கேட்டது காண்டாக்ட்ஸ் பெர்மிஷன். “அமுக்காதீங்கக்கா” என்றேன். ஏன் என்று கேட்டார். அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

கடன் கேட்கப் போன இடத்தில், “உங்க வீட்டு மொய் நோட்டைக் கொடுங்க, காப்பி எடுத்துக்கறேன்”னு சொன்னா கொடுப்பீங்களா? காண்டாக்ட்ஸும் அதே மாதிரிதான். அதில் இருப்பது உங்க நம்பர் இல்லை. மாமியார், எண்ணெய் மண்டிக்காரர், பிள்ளையோட டீச்சர் நம்பர். தவணை தப்பினால் அவங்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துவதுதான் சில ஆப்களின் வசூல் முறை. போட்டோவை மார்பிங் செய்து அனுப்பியதும் நடந்திருக்கு.

இப்படிப் புகார்கள் குவிந்த பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல், மீடியா எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சி மாதிரி தேவைக்கு ஒரு தடவை, அதுவும் உங்க சம்மதத்தோடு. பிளே ஸ்டோரில் இருக்கும் தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸும் போட்டோவும் எடுக்கக் கூடாது என்று கூகுளும் 2023 மே 31 முதல் தடை போட்டது. ஆக, ஒரு கடன் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டாலே அது விதியை மீறுது. அங்கேயே நிறுத்திடுங்க.

“இப்போ அலோ கொடுத்துட்டு, பணம் வந்ததும் ஆஃப் பண்ணிக்கலாமே?” அக்கா கேட்ட அடுத்த கேள்வி. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், ஒவ்வொரு பெர்மிஷனையும் தனித்தனியா கொடுக்கலாம், திரும்பவும் எடுக்கலாம். ஆனா ஆஃப் செய்தால் இனிமேல் படிப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே சர்வருக்குப் போன காப்பி திரும்பி வராது. இன்டர்நெட்டைப் பயன்படுத்த ஆப் உங்களிடம் கேட்பதே இல்லை. நூறு, இருநூறு நம்பரை அனுப்ப அதற்குச் சில நொடி போதும்.

அதனால இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர், காண்டாக்ட்ஸ். போனுக்குப் போன் பேர் கொஞ்சம் மாறும். அங்கே அனுமதி வாங்கிய ஆப்களின் பட்டியல் இருக்கும். டார்ச், கேம், கடன் ஆப் எது இருந்தாலும் ‘டோன்ட் அலோ’ போடுங்க.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்களா? மிரட்டல் மெசேஜை அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுங்க. 1930-க்குப் போன் பண்ணுங்க. சொந்தக்காரங்ககிட்ட நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அப்புறம் மிரட்ட அவங்ககிட்ட பெரிசா எதுவும் இருக்காது.

அக்கா ஆப்பை எடுத்துட்டாங்க. “மகளிர் குழுவுலயே கேட்டுக்கறேன் தம்பி”ன்னாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.